கவிழ்த்த கூடைக்குள் தட்டாம்பயறு

கூடையைத் தூக்கிய நல்லுசாமி அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே ஒரு மண்சட்டி. சட்டி நிறையத் தண்ணீர். தண்ணீருக்குள் தட்டாம்பயறு ஊறி உப்பிப்போய், கறுப்புக் கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

பொருள் கிடைத்துவிட்டது. ஆள் யார் என்பதுதான் பாக்கி.

திண்டுக்கல்லில் ஒரு புகையிலைக் கிட்டங்கியில் நல்லுசாமிக்கு வாசல் சோதனை வேலை. சாயங்காலம் சங்கு ஊதியதும் வெளியே வருகிற ஆண்கள் ஒவ்வொருவரின் மடியையும் தலைப்பாகையையும் தூக்குவாளியையும் தடவிப் பார்த்து அனுப்ப வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அந்த வேலையை வாசலோடு விட்டுவிட்டு வந்திருப்பார்கள். நல்லுசாமி வீட்டுக்கும் கொண்டுவந்தார். பால்காரரின் செம்பைச் சாய்த்துப் பார்ப்பார். கோயிலில் கொடுக்கிற திருநீற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவார். நயா பைசா வந்த புதிது அது; அதைக் கடித்துப் பார்த்து வாங்கிய ஒரே மனிதர் அந்தத் தெருவில் அவர்தான்.

அன்று அவருக்கு வார விடுமுறை. மனைவி ராமுத்தாய் காலையிலேயே குளித்துவிட்டுக் கிளம்பினாள்.

"தெருக்கோடிக் காளியம்மன் கோயில மெழுகப் போறோம். வர நேரமாகும். சோறு வடிச்சு வச்சிருக்கேன். இந்தாருங்க, அந்த இருட்டறைப் பக்கம் மட்டும் போயிராதீங்க. தேளு ஒண்ணு திரியுது."

இத்தனை வருஷம் இல்லாத தேள் இன்றைக்கு எங்கிருந்து வந்தது? அவள் தெரு முனை திரும்பும்வரை காத்திருந்துவிட்டு நல்லுசாமி நேராக இருட்டறைக்குள் போனார். மூலையில் கூடை கவிழ்ந்து கிடந்தது. நேராக நிமிர்ந்து இருக்கிற கூடையையே நம்பாதவர், கவிழ்ந்து கிடக்கிற கூடையை விடுவாரா?

தட்டாம்பயறு வாயு என்று சொல்லி அந்த வீட்டில் அது வேகக் கூடாதென்று அவர் உத்தரவு போட்டு இரண்டு வருஷமாகிறது. அப்படியென்றால் இது யாருக்கு?

யோசிக்கவே வேண்டாம். சோலைமுத்துவுக்குத்தான். ராமுத்தாயின் தம்பி. தட்டாம்பயறு வெஞ்சனம் என்றால் சோற்றை மறந்துவிட்டு அதையே தின்கிறவன். போன வருஷம் வரை அதே கிட்டங்கியில் வேலை பார்த்தான். ஒருநாள் வாசலில் எல்லோருக்கும் முன்னால் நல்லுசாமி அவன் மடியையும் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை தடவிப் பார்த்தார். அப்போதும் ஒன்றும் இல்லை. "அக்கா புருசன் மொறைக்கு நல்ல மரியாத செஞ்சீக மாமா" என்று சொல்லிவிட்டுப் போனவன், வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் ஒரு கடையில் சேர்ந்துகொண்டான். அதற்குப் பிறகு அக்காள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

மிதிக்கவில்லை என்று யார் சொன்னது? ராமுத்தாய் சொன்னாள். அதை எப்படி நம்புவது?

நல்லுசாமி சட்டியை முன்னால் வைத்து யோசித்தார். ஊறிய பயறை மட்டும் காட்டிக் கேட்டால், கோழிக்கு என்று சொல்லிவிடுவாள். ஆக்கி வைத்துவிட்டால்? வாசம் தெருவுக்குப் போகும். எங்கேயோ பதுங்கியிருக்கிற சோலைமுத்து, அக்காள் ஆக்கிவிட்டாள் என்று நினைத்து உள்ளே வருவான். விறகு அடுக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்து, அவன் வாயில் வைக்கும்போது கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

அடுப்பைப் பற்ற வைத்தார். கிட்டங்கியில் காவல் இருந்த காலத்தில் ஒற்றைச் சட்டிச் சமையல் பழகியிருந்தார். ஊறிய பயறு என்பதால் ஒரு பானைத் தண்ணீரில் போட்டதும் கொஞ்ச நேரத்தில் வெந்துவிட்டது. வடித்துவிட்டு, கடலை எண்ணெயைக் காயவைத்து, கடுகு, சீரகம், கிள்ளிய வரமிளகாய், தட்டிய பூண்டு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றாகப் போட்டார். கறிவேப்பிலை படபடவென்று வெடித்தபோது வாசம் கூரையைத் தாண்டிப் போயிற்று. பயறைக் கொட்டி, உப்புப் போட்டுக் கிளறி, தேங்காய்ப்பூவைத் தூவி இறக்கிவைத்தார். எல்லாம் முடிய இரண்டு நாழிகைகூட ஆகவில்லை.

பிறகு விறகு அடுக்குக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டார்.

யாரும் வரவில்லை.

உப்புச் சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தது. உப்புக் கம்மியாக இருந்தால் சோலைமுத்துவுக்கே இது அக்காள் கைப்பக்குவம் இல்லை என்று தெரிந்துபோகும். எழுந்து போய் ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. திரும்ப வந்து குந்தினார். காரம்? அதையும் பார்த்துவிட்டு வந்தார். தேங்காய் சுற்றிலும் பரவியிருக்கிறதா என்று அடுத்து ஒரு சந்தேகம். இப்படி நடந்து நடந்து கால் வலித்ததால் சட்டியையே விறகு அடுக்குக்குப் பின்னால் கொண்டுவந்துவிட்டார். இரண்டு வருஷமாக வாயு என்று தள்ளி வைத்திருந்தது, இப்போது அவரை விடமாட்டேன் என்றது.

அடிச்சட்டியை வழித்துக் கடைசி வாயைப் போட்டுக்கொண்ட நேரத்தில் குட்டைச் சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு ஜக்கம்மாள்.

"தம்பி, அங்க என்ன விறகுக்குப் பின்னால குந்திருக்க?"

வாய் நிறையப் பயறு. நல்லுசாமி ஒரு விறகைக் கையில் எடுத்துக் காட்டினார்.

"ராமுத்தாயி வந்துட்டாளா?"

இல்லை என்று தலையை ஆட்டினார்.

"வந்தா சொல்லு. முளைப்பாரிக்கு முத்துப் போடுறது இன்னைக்குச் சாயங்காலந்தான். ஊறப்போட்ட தட்டாம்பயற எடுத்துக்கிட்டுப் பொழுது சாய எங்க வீட்டுக்கு வந்துறச் சொல்லு."

நல்லுசாமியின் தாடை நின்றுவிட்டது.

"ஆம்பள கண்ணு படக் கூடாதுன்னு எங்கிட்டாச்சும் கூடையப் போட்டு மூடி வச்சிருப்பா. நீ பாட்டுக்கு அதத் தொறந்து பாத்துறாத தம்பி. விரதமிருந்து ஊறப்போட்டது. பயறு நல்லா எந்திரிச்சு வந்தாத்தான் ஆத்தா மனசு குளுந்திருக்குன்னு அர்த்தம். ஒருத்தி சட்டி மட்டும் முளைக்கலேன்னு வையி, அவகிட்ட என்னமோ குத்தம் இருக்குன்னு ஊரே பேசிரும். முன்ன ஒருக்கா கீழக்கோடியில ஒருத்திக்கு அப்படித்தான் ஆச்சு. பாவம், தண்ணி எடுக்கக்கூட வெளிய வரல. ஏந்தம்பி, முழிக்கிற? பல்லு வலியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"கிராம்ப வச்சுக் கடி" என்று சொல்லிவிட்டு ஜக்கம்மாள் இறங்கிக்கொண்டாள்.

கடைசி வாயை விழுங்க நல்லுசாமி பட்ட பாடு கொஞ்சமில்லை. சாமிப் பயறு. அதைத் தாளித்து, தேங்காய்ப்பூ தூவித் தின்றிருக்கிறார். ஆத்தா தன்னை என்ன செய்வாளோ என்பதைவிட, ராமுத்தாயைத் தெரு என்ன சொல்லுமோ என்பதுதான் அவருக்குப் பெரிய பயமாக இருந்தது. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து ஒருத்தரும் ஒரு சொல் சொல்ல இடம் வைக்காமல் குடும்பம் நடத்துகிறவள். அவளைச் சந்தேகப்படுகிற உரிமை தனக்கு மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார்.

சட்டியைக் கழுவினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேகம்பூருக்கு ஓடினார்.

பேகம்பூரில் கிதர் முகம்மது ராவுத்தரின் பலசரக்குக் கடைக்கு நல்லுசாமி வந்தால் அரைமணி நேரம் ஆகும். தராசுத் தட்டைத் திருப்பிப் பார்ப்பார், படிக்கல்லைத் தூக்கிப் பார்ப்பார், பயறைக் கடித்துப் பார்ப்பார்.

"ராவுத்தரே, அரைப்படி தட்டாம்பயறு. சீக்கிரம்."

கிதர் முகம்மது அளந்து கொட்டினார். நல்லுசாமி பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினார்.

"நில்லுங்க நல்லுசாமி. படியப் பாக்கல, பயறக் கடிக்கல. ஒடம்புக்கு எதும் சொகமில்லையா?"

"ஒங்க மேல நம்பிக்கைதான் ராவுத்தரே."

கிதர் முகம்மது பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து பயறைத் தண்ணீரில் போட்டதும்தான் அடுத்த சிக்கல் உறைத்தது. கல் மாதிரி கிடக்கிற பயறு இனி எப்போது ஊறுவது? பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கிறது. நல்லுசாமி யோசித்தார். அடுப்பில் தணல் இருந்தது. தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்துச் சட்டியில் ஊற்றி மூடினார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் பயறு அத்தனையும் குண்டு குண்டாக உப்பியிருந்தது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு, பழைய இடத்தில் வைத்துக் கூடையைக் கவிழ்த்தார்.

ராமுத்தாய் வந்து இருட்டறைக்குள் போனாள். சட்டியோடு வெளியே வந்தாள்.

"என்னங்க, சட்டி சுடுது?"

"பங்குனி வெயிலு. கூரை வழியா எறங்கிருக்கும்."

"என்னமோ தாளிச்ச வாசமும் வருதே."

"ஜக்கம்மாக்கா வீட்டுல."

"அக்கா வீட்டுல இன்னைக்கு அடுப்பே பத்த வைக்கலையே."

"அப்ப அதுக்கு அடுத்த வீட்டுல. நீ என்ன, எல்லாத்தையும் சந்தேகப்படுற?"

ராமுத்தாய் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டியைச் சேலைத் தலைப்பால் மூடி எடுத்துக்கொண்டு போனாள். ஜக்கம்மாள் வீட்டுப் பின்னறையில் எருவும் வைக்கோலும் பரப்பி, ஒவ்வொருத்தி பேரிலும் ஒரு சட்டி வைத்து முத்துப் போட்டார்கள். கதவைச் சாத்தினார்கள். திருவிழா வரைக்கும் அந்தக் கதவுக்கு உள்ளே ஆண்பிள்ளை நிழல் விழக் கூடாது. ராமுத்தாய் கையில் மஞ்சள் காப்போடு திரும்பி வந்தாள்.

மறுநாள் பேகம்பூர் வழியாக வந்தபோது கிதர் முகம்மது கூப்பிட்டு நிறுத்தினார்.

"நேத்து அம்புட்டு அவசரமா வாங்கிட்டுப் போனீங்களே, என்ன விசேசம்?"

"முளைக்கப் போடத்தான் ராவுத்தரே. ஊற நேரமில்ல. சுடுதண்ணிய ஊத்தி ஊற வச்சேன்."

"சுடுதண்ணின்னா? வெதுவெதுப்பாவா?"

"தளதளன்னு."

கிதர் முகம்மது தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"அல்லாவே! நல்லுசாமி, கொதிக்கிற தண்ணிய ஊத்துனா அது வெத இல்லய்யா. வெஞ்சனம்."

அன்று வீட்டுக்குத் திரும்பிய நல்லுசாமி வேறு ஆளாக இருந்தார். ராமுத்தாய் ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்தாள். தரையில் படுத்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் இவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள, சும்மா கேக்குறேன். முளைக்கலேன்னா என்ன ஆகும்?"

"முளைக்காம எப்படிப் போகும்? நா என்ன குத்தம் செஞ்சேன்?"

அதைக் கேட்டுவிட்டு அவரால் உட்கார முடியவில்லை. ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது. தெருக் கிணறுகள் எல்லாம் உப்பு. அதை ஊற்றினால் முளை கருகிவிடும் என்பதால், ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற தோட்டத்துக் கிணற்றிலிருந்துதான் முளைப்பாரிக்கு நல்ல தண்ணீர் எடுத்து வர வேண்டும். பெண்கள் குடங்களோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"நா எடுத்தாரேன்" என்றார் நல்லுசாமி.

பெண்கள் குடத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டார்கள்.

"நீயா தம்பி?" என்றாள் ஜக்கம்மாள்.

"விரதக்காரங்க வெயில்ல எதுக்கு அலையணும்? ஆம்பள கை பட்ட தண்ணி ஆகாதா?"

"வாசல் வரைக்கும் வந்தா தோசமில்ல. உள்ள நாங்க எடுத்துக்குவோம்" என்று ஜக்கம்மாள் உடனே சொல்லிவிட்டாள்.

முதல் நடை முடிந்து வருகையில் ஜக்கம்மாளின் புருஷன் சின்னக்கண்ணு எதிரே வந்தார். வண்டி ஓட்டுகிறவர். பேசினால் வாய்முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருக்கிற மனிதர். நல்லுசாமியை மேலும் கீழும் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய், ஒரு காவடிக் கம்பை எடுத்துவந்து கொடுத்தார்.

"ரெண்டு பக்கமும் குடத்தக் கட்டித் தூக்கு மாப்ள. இடுப்பு பிடிக்காது."

இவர் எதற்கு இவ்வளவு அக்கறையாகக் கொடுக்கிறார்? கம்பு எங்கேயாவது விரிசல் விட்டிருக்குமோ? தரையில் ஊன்றி அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் நல்லுசாமி தோளில் வைத்தார்.

வேலைக்குப் போகிறதற்கு முன்னால் தண்ணீர், வந்த பிறகு தண்ணீர். முளைப்பாரிச் சட்டிகளுக்கு ஊற்றியது போக, விரதக்காரர்கள் குளிக்கத் தண்ணீர், கோயில் கழுவத் தண்ணீர், பொங்கல் பானை விளக்கத் தண்ணீர் என்று அது வளர்ந்துகொண்டே போனது. ராமுத்தாய் விளக்குமாற்றை எடுத்தால், இவர் பிடுங்கிக் கூட்டினார். அவள் அரிசியை அளந்தால், இவர் உலை வைத்தார். ஒவ்வொரு தடவையும் அவள் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் இவர் இன்னும் இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

தண்ணீர் எவ்வளவு ஊற்றினால் என்ன? வெந்த பயறு முளைக்கவா போகிறது?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நல்ல பயறாகப் பார்த்து ஊறவைத்து, ஈரத் துணியில் முளைகட்டி எடுத்துக்கொண்டு போனால்? தண்ணீர் இறக்குகிற சமயத்தில் யாரும் இல்லாதபோது கதவைத் திறந்து ராமுத்தாயின் சட்டியில் தூவிவிட்டு வந்துவிடலாம். ஆனால் மூட்டையை எங்கே வைப்பது? வீட்டில் வைத்தால் ராமுத்தாய் பார்த்துவிடுவாள். முளைகட்டச் சூடும் இருக்க வேண்டும், ஈரமும் இருக்க வேண்டும். இரவோடு இரவாக ஊறவைத்த பயறை ஈரத் துண்டில் முடிந்து தன் மடியிலேயே கட்டிக்கொண்டு, மேலே சட்டையை இறக்கிவிட்டு வேலைக்குப் போனார்.

சாயங்காலம் சங்கு ஊதியது. கிட்டங்கி ஆட்கள் வரிசையாக வந்தார்கள். நல்லுசாமி வழக்கம்போல ஒருவரின் மடியைத் தடவக் குனிந்தார்.

"ஏய், சோதனைக்காரரு மடி சொட்டுதுப்பா!" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் பார்த்தார்கள். நல்லுசாமியின் வேட்டி நனைந்து, காலடியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. சிரிப்புக் கிளம்பியது. சத்தம் கேட்டு சூப்பர்வைசர் கிறிஸ்துராஜ் வெளியே வந்தார்.

"என்ன நல்லுசாமி, மடியில என்ன?"

"ஒண்ணுமில்ல சார்."

"தெனம் இங்க எல்லாரும் ஒம்மகிட்டச் சொல்றதும் அதத்தான். அவுருமய்யா."

அவிழ்த்தார். ஈரத் துண்டுக்குள் வெள்ளை வால் முளைத்த பயறு.

"என்னய்யா இது?"

"தட்டாம்பயறு சார்."

"பொகையில திருடுவான், சரி. தட்டாம்பயற இங்க எதுக்குய்யா கொண்டாந்தீரு? இதுக்குள்ள என்ன ஒளிச்சு வச்சிருக்கீரு?"

"ஒண்ணுமில்ல சார். மெய்யாலுமே பயறுதான்."

"நம்புறதுக்கு நானென்ன நேத்துப் பொறந்தவனா? தட்டுல கொட்டும்."

கிறிஸ்துராஜ் ஒவ்வொரு பயறாகப் புரட்டிப் பார்த்தார். பிதுக்கிப் பார்த்தார். ஒன்றைக் கடித்தும் பார்த்தார். ஒன்றும் இல்லை. திரும்ப ஒரு தடவை முதலிலிருந்து புரட்டினார். ஆட்கள் ஒருவர்கூட வீட்டுக்குப் போகாமல் நின்று பார்த்தார்கள். கடைசியில் அத்தனை பயறையும் குப்பையில் கொட்டச் சொல்லிவிட்டு, "நாளையிலேருந்து மொதல்ல இவரத் தடவிட்டுத்தான் மத்தவங்களத் தடவணும்" என்று உத்தரவு போட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நல்லுசாமிக்கு முளைப்பாரிகூட ஞாபகம் இல்லை. இரண்டாவது தடவை தடவியபோது சோலைமுத்து முகம் எப்படி இருந்தது என்பதுதான் ஞாபகத்தில் இருந்தது. இத்தனை நாள் அதை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. கூசிப்போனார்.

"ராமுத்தாயி, வத்தலக்குண்டு போற ஆளு யாராச்சும் இருந்தா, திருவிழாவுக்கு ஒந்தம்பிய வரச் சொல்லி விடு. நாந்தான் கூப்பிட்டேன்னு சொல்லச் சொல்லு."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த ராமுத்தாயின் கை நின்றது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நெசமாவா சொல்றீங்க?"

"நெசமாத்தான்."

பிறகு மெதுவாக, "இந்தாருங்க, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அந்தப் பயறு..." என்று ஆரம்பித்தாள்.

பயறு என்ற சொல்லைக் கேட்டதுமே நல்லுசாமி காவடியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டிவிட்டார்.

திருவிழா அன்று மத்தியானத்திலேயே தெரு நிறைந்துவிட்டது. சோலைமுத்து புதுவேட்டி கட்டி வத்தலக்குண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான். நல்லுசாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "வாப்பா" என்றார். அவனும், "தோளெல்லாம் கன்னிப்போயிருக்கு, என்ன மாமா?" என்று மட்டும் கேட்டான்.

கொட்டுச் சத்தம் கேட்டது. ஜக்கம்மாள் வீட்டுக் கதவு திறந்தது. பெண்கள் தலையில் முளைப்பாரியோடு ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். நல்லுசாமி கண்ணை மூடிக்கொண்டார். இதோ, அடுத்தவள் ராமுத்தாய். வெறும் எருச் சட்டியோடு வரப்போகிறாள். தெரு முழுக்கப் பார்க்கப்போகிறது. தான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லாவிட்டால் பழி அவள் தலையில்தான்.

"யாத்தே, அக்கா பாரியப் பாருங்க மாமா! என்னா ஒசரம்!" என்றான் சோலைமுத்து.

நல்லுசாமி கண்ணைத் திறந்தார். ராமுத்தாயின் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்துக்கு வெளிர்பச்சையாக முளை நின்று ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பயறுகூட சோடை போகவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, நடுத்தெருவில் ராமுத்தாயின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"ஆத்தா காளியாத்தா! அவிச்ச பயற முளைக்க வச்சுட்டியே! பாவி நான் ஒன் பயறத் தாளிச்சுத் தின்னேன் ஆத்தா! தேங்காப்பூ போட்டுத் தின்னேன்! சுடுதண்ணி ஊத்துன பயறச் சட்டியில வச்சு எல்லாரையும் ஏமாத்துனேன்! என் பொண்டாட்டி மேல ஒரு குத்தமும் இல்ல! எல்லாம் நாந்தான்!"

கொட்டு நின்றுவிட்டது. ராமுத்தாய் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். பின்னால் வந்த பெண்கள் எல்லோரும் ஏனோ ஒரே சமயத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஜக்கம்மாள்தான் முதலில் சமாளித்துக்கொண்டு, "ஆத்தா மன்னிச்சுட்டா தம்பி, எந்திரி. கொட்டுக்காரரே, அடிங்க" என்றாள். ஊர்வலம் நகர்ந்தது.

கன்னத்தில் கண்ணீரும் புழுதியுமாகக் கிடந்த நல்லுசாமியைச் சின்னக்கண்ணு கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார்.

"பாத்தீங்களா மாமா, அதிசயத்த? வெந்த பயறு முளைச்சிருக்கு!"

"வெந்த பயறு எங்கயாச்சும் முளைக்குமா மாப்ள? அது அன்னைக்கே எங்க எருமைக்குப் போயிருச்சு. சாமிப் பயறு வருசா வருசம் எங்க வீட்டுலதான் ஊறும்."

"அப்ப எங்க வீட்டுல இருந்தது?"

சின்னக்கண்ணு ஊர்வலம் தெரு முனை திரும்பிவிட்டதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"திருவிழா முடியிற வரைக்கும் தண்ணி சுமக்க ஒரு ஆம்பள வேணும்ல மாப்ள, போன வருசம் தின்னது நானு, எனக்கு இந்தப் பொம்பளைக அடுப்பு மேலயே வச்சிருந்தாளுக, ஒனக்குத்தான் கூடையப் போட்டு மூடி, தேளு இருக்குன்னு வேற சொல்ல வேண்டியிருந்துச்சாம்."